கல் ஆறு, மீட்டர் ஏழு

சென்ற தை மாதம் ஒரு திருமணத்துக்காக நெல்லூருக்குப் பேருந்தில் போனேன். கும்மிடிப்பூண்டி தாண்டியதும் பழைய பழக்கத்தில் இடப்பக்கச் சன்னலோரம் நகர்ந்து கிலோமீட்டர் கற்களைத் தேடினேன். ஒன்று தென்பட்டது, அதன் பிறகு வெகுதூரம் ஒன்றும் இல்லை. தலைக்கு மேலே பச்சைப் பலகைகள் வந்துகொண்டே இருந்தன. சாலை நன்றாகவே இருக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தப் பேருந்தில் உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரமும், நடுவில் நானும் ஒரு பக்கம் எல்லப்பனும் மறுபக்கம் கிருபாகரனுமாக ஒரு பழைய லாரியின் முன்னறையில் போன இரண்டு பயணங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலாளர் சங்க மலருக்கு அனுபவம் ஏதாவது எழுதச் சொல்லி இளைஞர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இப்போது வண்டியில் ஒரு கம்பியைச் செருகினால் திரையில் குறை எழுத்தாக வந்துவிடுகிறது. அது வராத காலத்தில் என்ன செய்தீர்கள் என்பது அவர்கள் கேள்வி. அந்த லாரியைப் பற்றியே எழுதிவிடுகிறேன்.

நான் தொழில் கற்ற கதை பெரிதல்ல. கிண்டியில் தொழிற்பயிற்சி, ராயபுரத்தில் ஒரு பம்ப் கடையில் மூன்று ஆண்டு, பிறகு திருவொற்றியூரில் ஒரு லாரிப் பட்டறை. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். இன்ஜின் வேலைக்கு நான் மேஸ்திரி. பின்சக்கர அச்சு, பிரேக் வேலைகளுக்கு வேறு ஆட்கள். எல்லோருக்கும் மேலே சூப்பர்வைசர் கிருபாகரன். என்னைவிட நான்கு வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

கிருபாகரனின் முறை தனி. வண்டி உள்ளே வந்ததும் பானட்டைத் திறக்க விடமாட்டார். டிரைவரை உட்காரவைத்து டீ சொல்லுவார். டீ வருவதற்குள் இரண்டே கேள்விகள். முதல் கேள்வி, "எப்போலேருந்து?" இரண்டாவது கேள்விக்குத்தான் எல்லா டிரைவரும் விழிப்பார்கள்: "வண்டியில எது நல்லா கீது? அத்த மொதல்ல சொல்லு."

"இன்னா சார், கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கவா வந்துகீறீங்க?" என்று ஒரு தண்ணி லாரி டிரைவர் ஒருமுறை கேட்டார்.

"கெட்டத சொல்றதுக்கு நூறு பேரு கீறான். நல்லத வெச்சுதான் கெட்டது எங்க இல்லன்னு தெரியும்" என்றார் கிருபாகரன். எனக்கு அப்போது இது வெறும் பேச்சுச் சாமர்த்தியமாகத்தான் பட்டது.

இரண்டாயிரத்தொன்று மாசி மாதம் எல்லப்பன் தன் லாரியைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டு ஓடிய டீசல் வண்டி. மணலியிலிருந்து உர மூட்டை ஏற்றி வடக்கே விஜயவாடா வரை போய்வரும். எல்லப்பன் மூலக்கொத்தளத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து அதற்கு அவர்தான் டிரைவர். அவர் பின்னாலேயே லாரி முதலாளியும் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். முதலாளி டிரைவரோடு வந்தாலே பிரச்சினை இன்ஜினில் மட்டும் இல்லை என்று அர்த்தம்.

"ஹைவேல போனா இன்ஜின் அலறுது சார்" என்றார் எல்லப்பன். "மின்ன மத்த லாரிங்களோட சேந்து போவ சொல்ல, பாட்டு பாடிகினு போவும். இப்ப அதே லாரிங்க பின்னாடி போனா, உயிர் போற மாதிரி கத்துது. சத்தத்தக் கொறச்சா எல்லாரும் என்னைத் தாண்டிப் போறான்."

முதலாளி குறுக்கே வந்தார். "அவன் சொல்றது கெடக்கட்டும் கிருபா. ஒவ்வொரு நடைக்கும் டீசல் அதிகமா குடிக்குது. அதே விஜயவாடா, அதே ரோடு. ஆனா மீட்டர்ல கிலோமீட்டர் ஏறிக்கினே போவுது. ரோடு இன்னா ரப்பரா, இழுத்தா நீள்றதுக்கு?"

அந்தக் காலத்து லாரிகளில் கிலோமீட்டர் மீட்டர் வேலை செய்வதே அபூர்வம். இந்த முதலாளி மட்டும் அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பார். டீசலும் கூடுகிறது, தூரமும் கூடுகிறது என்றால் டிரைவர் வழியை விட்டு எங்கோ போய்வருகிறார் என்பது அவர் கணக்கு. எங்கே என்பதையும் அவரே முடிவு செய்திருந்தார்.

"சூளூர்ப்பேட்டைல இவன் பொண்ண குட்துகீறான். வண்டிய எடுத்துகினு மக வூட்டுக்கு ஊர் சுத்துறான். வயசான ஆளாச்சேன்னு பாக்கறேன். அடுத்த வாரத்துலேருந்து ஹார்பருக்கும் எண்ணூருக்கும் நடை அடிக்கட்டும். லைனுக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

 எல்லப்பன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போய் வண்டியின் நிழலில் நின்றுகொண்டார்.

அவரைப் பற்றி எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தி முதலாளிக்கு மட்டும் தெரியாது. மகள் சுசீலா ராயபுரத்தில் துணிக் கம்பெனியில் வேலை செய்தபோது, சூளூர்ப்பேட்டைப் பக்கத்து அரிசி ஆலை ஃபிட்டர் ஒருவரைத் தானாகவே திருமணம் செய்துகொண்டாள். "உன் வாசப்படில கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் எல்லப்பன். சொன்ன சொல்லை மூன்று ஆண்டாகக் காப்பாற்றினார். ஆனால் மகள் வீடு நெடுஞ்சாலை மேலேயே இருந்தது. தடாவைத் தாண்டி ஒரு கால்வாய்ப் பாலம், அதை இறங்கினால் இடப்பக்கம் அந்த வீடு. அவர் லாரி போகும்போதெல்லாம் அவள் சாலையோரம் வந்து நிற்பாள். இவர் ஹாரன் அடிக்க மாட்டார். வண்டியையும் நிறுத்த மாட்டார். ஒரு பார்வை, அவ்வளவுதான். அந்தப் பார்வைக்காகவே அவர் இந்த லைனை விடாமல் ஓட்டுகிறார் என்பது எங்களுக்குத் தெரியும். மகள் வீட்டுக்கு ஒருநாளும் போகாத மனிதர் மேல், மகள் வீட்டுக்குப் போய்வருகிறார் என்று பழி.

கிருபாகரன் முதலாளியிடம் ஒரு வாரம் அவகாசம் வாங்கினார்.

முதல் இரண்டு நாள் என் கையில். கிளட்ச் நழுவுகிறது என்றுதான் நான் நினைத்தேன். கிளட்ச் தகடு தேய்ந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், சக்கரத்துக்கு அந்த வேகம் போய்ச் சேராது. பெடல் இடைவெளி பார்த்தேன், சரி. டாப் கியரில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விட்டுப் பார்த்தேன். இன்ஜின் டக்கென்று நின்றது. நழுவும் கிளட்சாக இருந்தால் நிற்காது. ஆக்ஸிலேட்டர் கம்பி, டீசல் பம்பின் வேகக் கட்டுப்பாடு, டீசலைத் தெளிக்கும் நாசில் எல்லாம் சரி. டாப் கியர் முழுசாக விழுகிறதா என்றும் பார்த்தாயிற்று. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. இன்ஜினில் குறை இல்லை என்று நான் எழுதிக் கொடுத்தால், டிரைவர்மேல் குறை என்று முதலாளி படித்துக்கொள்வார்.

மூன்றாம் நாள் காலை கிருபாகரன் வந்தார். "லோடோட ஹைவேல போய்ப் பாக்கலாம். அண்ணே, நீங்களும் ஏறுங்க."

மணலியில் மூட்டை ஏற்றிக்கொண்டு காரனோடை வழியாக வடக்கே போனோம். எல்லப்பனின் ஓட்டம் அழகு. குழந்தையைத் தூக்குவதுபோல் கியரைத் தூக்கி வைப்பார். கவரப்பேட்டை தாண்டியதும் முன்னால் போன நான்கு லாரிகளோடு சேர்ந்துகொண்டார். அவர் சொன்னது உண்மைதான். டாப் கியரில் போகிற வண்டி அதற்குக் கீழ் கியரில் போவதுபோல் கத்தியது. மீட்டரைப் பார்த்தேன். எழுபது. முன்னால் போகிற பழைய லாரிகளைப் பார்த்தேன். அவை எழுபதில் போகிற லாரிகளாகத் தெரியவில்லை.

கிருபாகரன் கதவோரம் சாய்ந்து உட்கார்ந்து, வீட்டு விஷயம் பேசுவதுபோல் கேட்டார். "எப்போலேருந்து எல்லப்பா?"

"தேதி தெரியல சார். மளைக்குப் பெறவு."

"மளன்னா?"

எல்லப்பன் முன்னால் போன லாரிக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டார். பிறகு சொன்னார். "பொண்ணு வர்றது நின்னு போச்சு சார். மளைல சடையங்குப்பம் யார்டுல தண்ணி வந்து வண்டி ரெண்டு வாரம் நின்னுச்சே, அதுக்கப்புறம் போன மொத நடைலேருந்து அவ வெளிய வரல. கோவமா, இன்னான்னு தெரில. அன்னைக்குதான் இந்தச் சத்தத்தையும் கவனிச்சேன். எனக்குதான் மனசு செரியில்ல, அதான் வண்டி கத்துற மாதிரி கீதுன்னு நெனச்சுகினேன்."

"செரி. வண்டியில எது நல்லா கீது?"

"இளுவை நல்லா கீது சார்" என்றார் எல்லப்பன் யோசிக்காமல். "அத மட்டும் குறை சொல்ல முடியாது. மின்ன அந்தக் கால்வாய்ப் பாலம் ஏற சொல்ல கியர் எறக்கணும். இப்ப டாப்லயே லொடலொடன்னு ஏறிடுது."

கிருபாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கியர் எறக்காமலா?"

"ஆமா சார். லோடோடதான்."

"பன்னெண்டு வருசத்து இன்ஜின். வயசானா இளுவை கொறையும். இதுக்கு ஏறிக்கீது. ஏன் அண்ணே?"

 கிருபாகரன் சன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு கிலோமீட்டர் கல்லைக் காட்டினார். "அண்ணே, நீங்க மீட்டரப் பாருங்க. நான் கல்லப் பாக்கறேன்."

அந்தக் கல்லைத் தாண்டும்போது மீட்டரின் எண்ணை மனதில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கல்லுக்கும் அவர் விரலை மடக்கினார். ஆறாவது கல் வந்ததும், "இப்போ?" என்றார். மீட்டர் ஏழு கிலோமீட்டர் ஓடியிருந்தது. கல் இடம் மாறியிருக்கலாம் என்று மறுபடியும் பார்த்தோம். கல் ஆறு, மீட்டர் ஏழு. மூன்றாம் முறை எல்லப்பனே சத்தமாக எண்ணினார். கல் ஆறு, மீட்டர் ஏழு.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். டேஷ்போர்டின் தூசியில் கிருபாகரன் விரலால் ஒரு கோடு போட்டார். ஒரு முனை இன்ஜின், மறுமுனை பின்சக்கரம், நடுவில் கியர் பெட்டி. "மீட்டர் வயரு எங்கேருந்து வருது? கியர் பெட்டிக்குப் பின் பக்கத்துலேருந்து. கிளட்ச் நளுவுனா இன்ஜின் மட்டுந்தான் கத்தும், மீட்டர் ஏறாது. இங்க ரெண்டும் ஒண்ணா ஏறுது. இன்ஜினும் மீட்டரும் பேசி வெச்ச மாதிரி ஒரே பொய்யச் சொல்லுது. அப்போ தப்பு மீட்டருக்கும் பின்னால. டயரா?"

இறங்கி டயரைப் பார்த்தேன். அதே அளவுதான். மீதம் இருந்தது பின் அச்சு ஒன்றுதான்.

படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்ஜினிலிருந்து வரும் நீண்ட தண்டின் நுனியில் ஒரு சிறிய பல்சக்கரம் இருக்கும். அது பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தைச் சுற்றும். பெரியதைக் கிரவுன் என்போம்; இரண்டும் சேர்ந்த ஜோடிக்கும் பட்டறையில் அதே பெயர்தான். நெடுஞ்சாலை லாரிக்குச் சிறிய சக்கரத்தில் ஏழு பல். அனல்மின் நிலையச் சாம்பல் அள்ளும் டிப்பருக்கு ஆறு பல். ஆறு பல் என்றால் ஒரே தூரத்துக்குத் தண்டு அதிக முறை சுற்ற வேண்டும். இழுவை கூடும், ஓட்டம் குறையும். ஏழு பல் வண்டிக்குள் ஆறு பல் புகுந்தால் ஆறு கிலோமீட்டருக்கு மீட்டர் ஏழு காட்டும். பெரிய சக்கரத்துக்கு இரண்டிலும் ஒரே பல் எண்ணிக்கை என்பதால் கணக்கு அப்படியே பொருந்தும்.

"எண்ணூர் டிப்பர் டிரைவர் இன்னா சொல்லிகினு வந்தான்?" என்றார் கிருபாகரன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதே முதலாளியின் சாம்பல் டிப்பர் இரண்டு முறை என்னிடம் வந்திருந்தது. வண்டி மேடு ஏறமாட்டேன் என்கிறது, கிழவி மாதிரி மூச்சு வாங்குகிறது என்று அந்த டிரைவர் சண்டை பிடித்திருந்தார். நாசிலை மாற்றிக் கொடுத்திருந்தேன். அந்த டிப்பரும் இந்த லாரியும் ஒரே கம்பெனி வண்டிகள். மழையின்போது சடையங்குப்பத்தில் ஒரே யார்டில் தண்ணீரில் நின்றவை. அச்சுக்குள் தண்ணீர் புகுந்து ஆயில் மோர்போல் ஆகியிருந்தது. எங்கள் பட்டறையில்தான் இரண்டின் கிரவுனையும் ஒரே நாளில் இறக்கி, கழுவி, பேரிங் மாற்றிப் பூட்டினார்கள். வெளியே பார்க்க இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்.

"ரெண்டு கல்யாணம் ஒரே சத்திரத்துல நடந்து, பொண்ணு மாறிப் போச்சு" என்றார் கிருபாகரன். சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான்தான் நின்னு பாத்துகினேன். சாக்பீஸ்ல நம்பர் எளுதி வெக்கச் சொல்லல. தப்பு என்னுது."

பட்டறைக்குத் திரும்பி மூட்டை இறக்கியதும் சரிபார்த்தோம். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, தண்டில் ஒரு கோடு. நான் வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டேன். ஆட்கள் வண்டியை மெல்லத் தள்ளினார்கள். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் தண்டு ஏறக்குறைய ஏழு முறை சுற்றியது. சரியான கிரவுனாக இருந்தால் ஆறைத் தொட்டிருக்காது. பிரித்துப் பார்த்தபோது சிறிய சக்கரத்தில் ஆறு பல். டிப்பரை வரவழைத்துப் பிரித்தோம். ஏழு.

முதலாளிக்கு ஆள் அனுப்பி வரவழைத்தார் கிருபாகரன். எல்லப்பனையும் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். இரண்டு கிரவுனும் சாக்கின்மேல் இருந்தன. "எங்க ஷெட்டு தப்பு. டீசலும் இதனால, கிலோமீட்டரும் இதனால. இவுரு வண்டிய ரோட்ட வுட்டு எறக்கவே இல்ல" என்றார். சுற்றி வளைக்காமல், மூன்றே வாக்கியம். மேலதிகாரிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். தன் தவறைத் தன் ஆட்கள் எல்லோரும் கேட்கும்படி, குரலைத் தாழ்த்தாமல் சொன்ன ஒருவரை அன்றுதான் பார்த்தேன். கிருபாகரன் போய்ச் சேர்ந்து ஒன்பது ஆண்டு ஆகிறது. அந்தக் குரல் இன்னும் ஒருமுறை கேட்டால் போதும் என்று சில நாள் இருக்கும்.

முதலாளி கிரவுனைப் பார்த்தார், எல்லப்பனைப் பார்த்தார். "அப்போ நீ மக வூட்டுக்குப் போவவே இல்லியா?"

"இல்ல மொதலாளி."

"ஒரு தபா கூடவா?"

"இல்ல."

"பெத்த பொண்ணு போற வழிலயே கீறா. மாசத்துக்கு அஞ்சாறு தபா தாண்டிப் போற. போவாத இன்னாய்யா மனுசன் நீ?" என்றார் முதலாளி. அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். எல்லப்பனால் சிரிக்க முடியவில்லை. லைன் அவருக்கே என்றாயிற்று. ஆனால் அந்த லைனில் அவருக்காக யாரும் வெளியே வந்து நிற்பதில்லையே.

கிரவுன்களை இடம் மாற்றிப் பூட்டிய மறுநாள், நாயுடுப்பேட்டை வரை கூடப்போய்ப் பார்த்துவிட்டுப் பேருந்தில் திரும்புவது என்று நாங்கள் இருவரும் மறுபடி ஏறினோம். அதே மூட்டை, அதே சாலை. வண்டி பழையபடி தாழ்ந்த குரலில் ஓடியது. ஆறு கல்லுக்கு மீட்டர் ஆறு காட்டியது. வெயில் ஏறாத காலை. ஆரம்பாக்கத்தில் பூரி தின்றோம். கிருபாகரன் கதவில் தாளம் போட்டுக்கொண்டு வந்தார். என் பணிக்காலத்தில் ஒரு நாளைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இதைத்தான் கேட்பேன்.

தடா தாண்டியது. கால்வாய்ப் பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறியது. எல்லப்பன் கியரை இறக்கினார். இன்ஜின் ஒருமுறை உறுமி எழுந்தது. உச்சிக்குப் போனதும் மறுபடி டாப்புக்கு மாற்றினார். குரல் தாழ்ந்தது. கீழே இடப்பக்கம் ஓட்டு வீடு. வாசலில் கோலம் இருந்தது, ஒரு கயிற்றுக் கட்டில் இருந்தது. ஆள் இல்லை.

வண்டி வீட்டைத் தாண்டியது. நாங்கள் மூவரும் நேரே சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிறிது தூரம் போனதும் எல்லப்பனின் கால் ஆக்ஸிலேட்டரை விட்டது. வண்டி ஓரம் கட்டி நின்றது.

"சார், ஒரு அஞ்சு நிமிசம்."

"எனக்கும் டயர்ல காத்து பாக்கணும்னு தோணிச்சு" என்றார் கிருபாகரன். "நாங்க பாத்துக்கறோம். நீ போய்ட்டு வா."

எல்லப்பன் கதவைத் திறந்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். அதற்குமேல் இறங்க முடியவில்லை. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது பின்னாலிருந்து குரல் கேட்டது. "ஆகண்டி! ஐயா, நில்லு!" கண்ணாடியில் பார்த்தேன். அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் புடவையை முழங்காலுக்கு ஏற்றிப் பிடித்துக்கொண்டு சாலையோரம் ஓடிவந்தார். வந்த வேகத்தில் லாரியின் பக்கப் பலகையைக் கையால் அடித்தார். சுசீலாவின் மாமியார்.

"நாலு மாசமா எங்கய்யா போனே?" தெலுங்கு வாடை வீசும் தமிழில், மூச்சு இரைக்கத் திட்டினார். "வயித்துல புள்ளயோட படுத்துக் கெடக்கா. எழக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டா. எழுந்து வர முடியாட்டியும் காத ரோட்டுலயே வெச்சுக்கிட்டு, எங்கப்பா வண்டி வரல, எங்கப்பா வண்டி வரலன்னு தெனம் அழுகை. அவ்வளவு ரோசமா உனக்கு?"

"வந்துகினுதான்மா இருந்தேன்" என்றார் எல்லப்பன்.  "எல்லா நடையும் வந்தேன். வண்டிதான்... வேற மாதிரி வந்துச்சு."

"இன்னா வேற மாதிரி? பாலத்துல கியர் மாத்துற சத்தம் அவளுக்குத் தெரியாதா? இப்ப கேட்டுச்சே! அத்தே, எங்கப்பா, ஓடு ஓடுன்னு என்னைத் தள்ளிவிட்டா. இந்த வயசுல ரோட்டுல ஓட விட்டுட்டீங்க அப்பனும் மகளும்."

எல்லப்பன் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "வெறுங்கையோட வந்துட்டேன்மா."

"கையில இன்னா இருந்தா இன்னா?" என்றார் அந்த அம்மாள். "காலு வந்துச்சே. எறங்கு."

எல்லப்பன் இறங்கினார்.